‘இன்ட்ரஸ்ட்’ என்றால் ஆர்வமா, வட்டியா, பாத்தியதையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கடிதம், பத்திர நகல், வேலை விண்ணப்பம், கோர்ட்டு நோட்டீஸ் என்று எதை எடுத்தாலும் இந்த ஒரு சொல் எங்காவது இருக்கும். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். கணக்கு வரும் இடங்களில் ரூபாய் போட்டே காட்டியிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்துல ஆர்வம்னு சொல்லிக்கொடுத்தாங்க, பேங்க்ல வட்டிங்கிறாங்க. எதுங்க சரி?

இரண்டும் சரி. இன்னும் இரண்டு பொருளும் உண்டு: ஒரு சொத்தில் ஒருவருக்கு உள்ள பாத்தியதை, ஒருவருக்கோ ஊருக்கோ வாய்க்கிற நலன். ஆக மொத்தம் நான்கு: ஆர்வம், வட்டி, பாத்தியதை, நலன். மற்ற பயன்பாடுகள் பெரும்பாலும் இந்த நான்கின் கிளைகள்தான்.

எது என்று கண்டுபிடிக்க, சொல்லின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். பக்கத்தில் சதவீதம், தேதி, ‘ரேட்’, ‘பெர் ஆனம்’ இருந்தால் வட்டி. பின்னால் ‘இன்’ வந்து ஒரு பாடமோ வேலையோ விளையாட்டோ வந்தால் ஆர்வம். அதே ‘இன்’னுக்குப் பின்னால் நிலம், வீடு, கம்பெனி வந்தால் பெரும்பாலும் பாத்தியதை. ‘இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப்’ என்று தொடங்கினால் நலன். பத்துக்கு எட்டு இடத்தில் இது போதும். மீதி இரண்டு இடங்கள் கடைசிக் கேள்விகளில் வருகின்றன.

ஒரே வார்த்தைக்கு எப்படி இவ்வளவு தூரம் விலகின அர்த்தம் வந்துச்சு?

மூலம் லத்தீன். ‘இன்டர்’ என்றால் இடையே, ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். ‘இடையே இருப்பது’ என்பதிலிருந்து ‘ஒருவருக்குப் பொருட்டாக இருப்பது’ என்ற பொருள் கிளைத்தது. பழைய ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்று தடுத்து வைத்திருந்தது. ஆனால் கடன் வாங்கியவன் தவணை தவறினால், கொடுத்தவனுக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுகட்டச் சட்டம் இடம் கொடுத்தது. பணம் நேரத்துக்கு வந்திருந்தால் இருந்திருக்கும் நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் இடையே உள்ள அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்தப் பெயர். பாவமான வட்டிக்கு ஒரு சொல், ஈடுகட்டும் தொகைக்கு வேறொரு சொல் என்று வைத்திருந்தார்கள். நாளடைவில் இரண்டாவது சொல்லே வட்டிக்குப் பொதுப்பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1545இல், ஆண்டுக்கு 10 சதவீதம் வரை வட்டி வாங்கச் சட்டமே அனுமதித்தது.

ஆங்கிலத்தில் முதலில் வந்தது பாத்தியதை என்ற பொருள், 15ஆம் நூற்றாண்டில். வட்டி 16ஆம் நூற்றாண்டில். நாம் பள்ளியில் முதலில் படிக்கிற ‘ஆர்வம்’ 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த கடைக்குட்டி. பத்திரங்களில் இந்தச் சொல் நம்மைத் தடுமாற வைப்பதற்கு இதுவே காரணம்: பத்திர மொழி பழைய பொருளிலேயே நின்றுவிட்டது. நம் சொல்லுக்கும் இந்த யோகம் உண்டு. சங்கப் பாடல்களில் ‘வட்டி’ என்றால் கூடை.

இன்டர்வியூல ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் அக்கவுன்ட்ஸ்’னு சொன்னேன். ஏன் சிரிச்சாங்க?

‘நான் ரொம்ப சுவாரசியமான ஆள்’ என்று உங்களை நீங்களே புகழ்ந்துகொண்டதாக அதற்குப் பொருள். ஆர்வம் கொள்கிறவர் ‘இன்ட்ரஸ்டட்’. ஆர்வத்தைக் கிளப்புகிற பொருள் ‘இன்ட்ரஸ்டிங்’. தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘எனக்கு ஆர்வம் இருக்கு’ என்று வந்தால் ‘டட்’, ‘அது நல்லா இருக்கு, மேலும் கேட்கத் தோணுது’ என்று வந்தால் ‘டிங்’.

கூடவே இன்னொரு பிழையையும் திருத்திக்கொள்ளலாம். ஆர்வம் எதன் ‘மேல்’ என்று நாம் சொல்வதால் ‘இன்ட்ரஸ்ட் ஆன்’ என்று பலர் எழுதுகிறார்கள். ஆர்வத்துக்கு ‘இன்’. கடன் தொகைக்கு வரும் வட்டிக்குத்தான் ‘ஆன்’: ‘இன்ட்ரஸ்ட் ஆன் தி லோன்’. ‘இன்’ வந்தபின் வினைச்சொல் வந்தால் ‘லேர்னிங்’, ‘டீச்சிங்’ என்று முடிய வேண்டும். ‘ஐ ஆம் ஹேவிங் இன்ட்ரஸ்ட்’ வேண்டாம். ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன்’ போதும்.

பயோடேட்டால ‘ஏரியா ஆஃப் இன்ட்ரஸ்ட்’னு ஒரு கட்டம் இருக்கு. கிரிக்கெட், பாட்டு கேக்குறதுன்னு எழுதலாமா?

எழுதக்கூடாது. அது ‘ஹாபீஸ்’ கட்டத்துக்கு. ‘ஏரியா ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்பது உங்கள் படிப்புக்குள் நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் பாடம். பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் மாணவர்களிடம் நேர்முகத்தில் முதல் கேள்வி பெரும்பாலும் இந்தக் கட்டத்திலிருந்துதான் வரும். ஐந்தாறு பாடங்களை அடுக்கி எழுதிவிட்டு ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாமல் விழிப்பதுதான் அடிக்கடி நடப்பது. இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்து காட்டவும், ஒரு சூத்திரத்தை விளக்கவும், ஒரு நடைமுறை உதாரணம் சொல்லவும் தயாராக இருங்கள்.

போன்ல ‘ஆர் யூ இன்ட்ரஸ்டட் சார்?’னு கேக்குறாங்க. யெஸ்னு சொல்லிட்டேன். கடன் வந்திருமா?

வராது. ‘விருப்பம் உண்டா’ என்பதுதான் கேள்வி. யெஸ் என்றால் உங்கள் எண்ணை விருப்பமுள்ளவர் பட்டியலில் ஏற்றுவார்கள். அப்புறம் அழைப்பு நிற்காது. ஓ.டி.பி., ஆதார் எண், பான் எண் எதையும் அந்த அழைப்பில் சொல்லாதீர்கள். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வரவேண்டும் என்பது விதி. 10 இலக்க சாதாரண எண்ணிலிருந்து கடன் விற்க வந்தால் அதுவே சந்தேகப்பட ஒரு காரணம். விளம்பர அழைப்பே வேண்டாம் என்றால் 1909 எண்ணில் பதிவு செய்யலாம்.

உண்மையிலேயே கடன் தேவையென்றால், அவர்களிடம் நீங்கள் திருப்பிக் கேட்கவேண்டியது வட்டி வீதம் ‘ஃப்ளாட்’டா, ‘ரெட்யூசிங்’கா என்று. அந்தக் கேள்வியின் எடை என்ன என்று கீழே சொல்கிறோம்.

வெளியில ரெண்டு வட்டிக்குத்தான் வாங்குறோம். பேங்க்ல ஒன்பது பர்சென்ட்டுன்னு போட்டிருக்கான். பேங்க்தானே கொள்ளையடிக்கிறான்?

கணக்கு நேர் எதிர். நம் ஊர்ப்பேச்சில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வங்கிக் காகிதத்தில் ‘9% பி.ஏ.’ என்றால் நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு ஒன்பது ரூபாய். ‘பி.ஏ.’ என்பது ‘பெர் ஆனம்’, அதாவது ஆண்டுக்கு. ‘பி.எம்.’ என்றிருந்தால் மாதத்துக்கு.

ஒப்பிட வேண்டுமென்றால் ஊர் வட்டியை 12ஆல் பெருக்குங்கள். ரெண்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், மூணு வட்டி 36, அஞ்சு வட்டி 60. ‘ஒரு பைசா வட்டி’ என்பதும் இதே கணக்குதான்: ரூபாய்க்கு மாதம் ஒரு பைசா, ஆண்டுக்கு 12 சதவீதம். ஒரு லட்சத்துக்கு ரெண்டு வட்டியில் மாதம் 2,000 ரூபாய். 9 சதவீதத்தில் மாதம் 750 ரூபாய். ஆண்டு முடிவில் வித்தியாசம் 15,000.

‘ஃப்ளாட் ரேட்’, ‘ரெட்யூசிங் பேலன்ஸ்’ இதுல என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டுலயும் 12ன்னுதானே போட்டிருக்கு?

மிகப் பெரிய வித்தியாசம். ஒரு லட்சம் கடன், 12 மாதத் தவணை, 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாட் என்றால் ஒரு லட்சத்துக்கும் முழு ஆண்டுக்கு வட்டி போட்டு 12,000 சேர்த்து, 1,12,000ஐ 12ஆல் வகுப்பார்கள். மாதம் 9,333. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டி மட்டும் முதல் நாள் இருந்த அசலுக்கே போடப்படுகிறது. ரெட்யூசிங் என்றால் மீதி அசலுக்கு மட்டும் வட்டி. தவணை 8,885, மொத்த வட்டி சுமார் 6,620 ரூபாய்தான்.

அதாவது 12 சதவீத ஃப்ளாட், ரெட்யூசிங் கணக்கில் சுமார் 21.5 சதவீதத்துக்குச் சமம். கைக்கணக்காக, ஃப்ளாட் வீதத்தை இரண்டால் பெருக்கி அதிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய டூவீலர், லோடு ஆட்டோ வாங்கத் தரப்படும் கடன்களில் ஃப்ளாட் பேச்சு அதிகம்.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன்பே தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தரவேண்டும், தமிழில் கேட்கலாம். அதில் ‘ஏ.பி.ஆர்.’ என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டியோடு பிராசஸிங் ஃபீஸ் போன்றவற்றையும் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவு அது. வாயால் சொல்லும் வீதத்தை விட்டுவிட்டு அந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

டவுன்ஹால் ரோட்டுல போன் வாங்குனேன், ‘ஜீரோ இன்ட்ரஸ்ட்’னு சொன்னாங்க. நெசமாவே வட்டி இல்லையா?

வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் 22,500 ரூபாய்க்குத் தரும் போனை மாதம் 2,000 வீதம் 12 தவணைக்கு 24,000 என்று விற்றால், அந்த 1,500 வட்டிதான். மேலே சொன்ன ரெட்யூசிங் கணக்கில் அது ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம். ரிசர்வ் வங்கி 2013இலேயே ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்கு எழுதிவிட்டது. கிரெடிட் கார்டில் ‘நோ காஸ்ட்’ என்று எடுத்தாலும், கார்டு வங்கி போடும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. கடையில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: ‘இப்பவே மொத்தமாக் குடுத்தா எவ்வளவு?’

தண்டல்ல பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறுதானே பிடிக்கிறாங்க. 15 பர்சென்ட்தானே ஆச்சு?

இல்லை. பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள்; தினம் 100 வீதம் 100 நாள் வசூல். கடன் உங்கள் கையில் வந்தது 8,500தான். மறுநாளிலிருந்தே அது குறைந்துகொண்டு வருவதால், சராசரியாகப் பாதிப் பணத்தைத்தான் அந்த நூறு நாளும் வைத்திருந்தீர்கள். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு நூற்றுக்கு 33 பைசா, மாதம் கிட்டத்தட்ட பத்து வட்டி, ஆண்டுக்கு 120 சதவீதம். பூக்கடையோ காய்கறித் தள்ளுவண்டியோ, தினமும் கையில் காசு புரள்வதால் இந்தச் சுமை உடனே தெரியாது.

தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று நம்மிடம் உள்ள பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் கிடையாது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே ‘கந்து வட்டி’, ‘மீட்டர் வட்டி’, ‘தண்டல்’ என்று தமிழ்ச் சொற்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார் எழுதும்போது கையில் வாங்கிய தொகை, எழுதிக்கொண்ட தொகை, இதுவரை கட்டியது என மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

சிம்பிள், காம்பவுண்டுன்னா?

தனி வட்டி, கூட்டு வட்டி. ஒரு லட்சத்துக்கு 10 சதவீதத்தில் மூன்றாண்டுக்குத் தனி வட்டி 30,000. ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்கும் கூட்டு வட்டி 33,100. நம் வங்கிகளின் டெபாசிட்டில் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ப்பார்கள். அதனால் 7 சதவீதத்தில் போட்ட லட்சம் ஓராண்டில் 1,07,000 ஆகாமல் 1,07,186 ஆகும். மாதாமாதம் வட்டியை எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் இந்தச் சேர்மானம் கிடையாது.

பேங்க்லேர்ந்து ‘கைண்ட்லி சர்வீஸ் தி இன்ட்ரஸ்ட்’னு எஸ்.எம்.எஸ். வந்திருக்கு. இது என்ன சர்வீஸ் சார்ஜா?

சேவைக் கட்டணம் எதுவும் இல்லை. ‘கணக்கில் ஏற்றிய வட்டியைக் கட்டுங்கள்’ என்பதை வங்கி அப்படிச் சொல்கிறது. கடைக்காரர்களின் ஓ.டி., சி.சி. கணக்குகளில் (ஒரு லிமிட் வரை வேண்டியபோது எடுத்து, வந்தபோது கட்டும் கடன் கணக்குகள்) மாதக் கடைசியில் வட்டி பற்று வைக்கப்படும். லிமிட்டுக்குள்தானே இருக்கிறோம் என்று விட்டுவிட்டால், அந்த வட்டியை ஈடுகட்டும் அளவுக்கு வரவு இல்லாமல் 90 நாள் போனாலே கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அசல் அப்படியே இருக்கலாம், வட்டி அவ்வப்போது வரவாகிவிட வேண்டும்.

பாஸ்புக்கில் ‘இன்ட்’ என்று சுருக்கி அச்சடித்திருப்பதையும் பலர் கேட்கிறார்கள். வரவுப் பக்கத்தில் இருந்தால் வங்கி உங்களுக்குக் கொடுத்தது, பற்றுப் பக்கத்தில் இருந்தால் உங்களிடம் எடுத்தது. ‘அக்ரூட்’ என்றால் சேர்ந்திருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை. ‘பீனல் இன்ட்ரஸ்ட்’ என்று பழைய தாள்களில் பார்த்திருப்பீர்கள். 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களில் தவணை தவறியதற்கு அபராத வட்டி போடக்கூடாது, அபராதக் கட்டணம் மட்டும்தான். அந்தக் கட்டணத்தின் மேல் வட்டியும் ஏறக்கூடாது.

பயிர்க்கடன் தாள்ல ‘இன்ட்ரஸ்ட் சப்வென்ஷன்’னு போட்டிருக்கே, அது நாம கட்டுறதா அவுங்க குடுக்குறதா?

அரசு உங்களுக்காக ஏற்கும் வட்டிப் பகுதி. விவசாயக் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வீதம் 7 சதவீதம். தவணைத் தேதிக்குள் கட்டினால் இன்னும் 3 சதவீதம் கழித்து 4 சதவீதம்தான். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை, மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. தேதி தவறினால் இந்தச் சலுகை போய்விடும். நெல் விற்ற பணம் வரும்வரை காத்திருந்து சலுகையை இழக்கிறவர்கள் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நிறைய. தேதியை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரயப் பத்திரத்துல ‘ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்’னு இருக்கு. வட்டி எதுக்கு வந்துச்சு? இடம் அடமானத்துல இருக்கா?

பயப்பட வேண்டாம். இங்கே அது பாத்தியதை. தமிழ்ப் பத்திரத்தில் ‘சர்வ சுதந்திர பாத்தியதைகளுடன்’ என்று எழுதுகிற இடம்தான் இது. டைட்டில் என்பது முழு உடைமை. இன்ட்ரஸ்ட் அதைவிட விரிந்தது: குத்தகைக்காரருக்கு இருப்பது, அடமானம் பிடித்தவருக்கு இருப்பது, ஆயுள்வரை அனுபவிப்பவருக்கு இருப்பது எல்லாம் ஒவ்வொரு வகை இன்ட்ரஸ்ட். விற்பவர் தன்னிடம் உள்ள எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார் என்று காட்டவே மூன்றையும் அடுக்குகிறார்கள். அடமானம் இருக்கிறதா என்பதை இந்த வரி சொல்லாது. அதற்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப்பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக வங்கியில் கொடுத்து வைத்திருந்தால், அது வில்லங்கத்தில் வராமலும் போகலாம். ஆகவே மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் யோசியுங்கள்.

இந்தப் பொருளில் இரண்டு இடங்களில் பணம் மாட்டிக்கொள்கிறது. ஒன்று, ‘லைஃப் இன்ட்ரஸ்ட்’. மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதும்போது ‘என் ஜீவிய காலம் வரை நானே அனுபவித்து’ என்று தாய் எழுதி வைத்திருந்தால், அவர் குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம். மகன் பெயரில் பட்டா இருக்கிறதே என்று மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்கி வீட்டை வாங்கியவர், தாய் உள்ளவரை உள்ளே போக முடியாது. தாயையும் பத்திரத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு, கிரய அக்ரிமென்ட். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, விற்பதாகப் போட்ட ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தில் எந்த இன்ட்ரஸ்டையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருந்தாலும் கிரயம் பதியும்வரை இடம் உங்களுடையதாகாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

ரோட்டுக்கு நிலம் எடுக்குறாங்க. ‘பர்சன்ஸ் இன்ட்ரஸ்டட்’ ஆட்சேபணை சொல்லலாம்னு நோட்டீஸ். எனக்குக் குடுக்க இஷ்டமில்ல, அப்ப எனக்கு அது பொருந்தாதுல்ல?

உங்களுக்குத்தான் பொருந்துகிறது. இங்கே ‘விருப்பமுள்ளவர்’ என்று படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். முந்தைய பதிலில் சொன்ன பாத்தியதைதான் இது: அந்த நிலத்தில் ஏதோ ஒரு உரிமையோ இழப்பீடு கேட்கும் நியாயமோ உள்ளவர். நில உரிமையாளர், பங்காளி, குத்தகைதாரர், அடமானம் பிடித்தவர் எல்லோரும் இதில் வரலாம். கொடுக்க மனமில்லாதவர்தான் முதலில் இதைப் பயன்படுத்த வேண்டும்.

காலக்கெடு சட்டத்துக்குச் சட்டம் மாறும். 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில் முதல்நிலை அறிவிப்பிலிருந்து 60 நாள். 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 21 நாள்தான். நோட்டீஸின் தலைப்பில் எந்தச் சட்டம் என்று போட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள். ஆட்சேபணையில் சர்வே எண், உட்பிரிவு, கிணறு, மரம், கட்டிடம் இவற்றைத் தனித்தனியாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குத் தேதி முத்திரை வாங்குங்கள்.

செகண்ட்ஸ்ல பைக் வாங்குனேன், இன்சூரன்ஸ் இருந்துச்சு. ஆக்சிடென்ட் ஆனதுக்கு ‘நோ இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்’னு கைவிரிச்சுட்டாங்களே?

‘இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்’ என்றால், அந்தப் பொருளுக்குச் சேதம் வந்தால் பணநட்டம் யாருக்கோ அவருக்கு அதில் உள்ள பிடிப்பு. பக்கத்து வீட்டுக்கு நீங்கள் தீ இன்சூரன்ஸ் எடுக்க முடியாதது இதனால்தான். பைக்கை விற்றதும் பழைய உரிமையாளருக்கு நட்டம் கிடையாது. பாலிசி உங்கள் பெயரில் இல்லாததால் உங்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் கிளெய்ம் விழுந்துவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 157ஆம் பிரிவின்படி வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை மாற்றச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம் மாறட்டும் என்று காத்திருந்து பலர் இதைத் தவறவிடுகிறார்கள். எதிர்த்தரப்புக்கு நேர்ந்த காயத்துக்கான பாதுகாப்பு வண்டியோடு தானாக மாறிவிடும். உங்கள் வண்டிச் சேதத்துக்கானது அப்படி மாறாது.

‘டிஸ்இன்ட்ரஸ்டட்’, ‘அன்இன்ட்ரஸ்டட்’ ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சில் கலந்துவிட்டன, எழுத்தில் பிரித்து வையுங்கள். அன்இன்ட்ரஸ்டட் என்றால் அக்கறையில்லாதவர். டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் தனக்கு லாபநட்டம் இல்லாத நடுநிலையாளர். பஞ்சாயத்துப் பேச வருபவர் இரண்டாவது வகையாக இருக்கவேண்டும். முதல் வகையாக இருந்தால் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். கோர்ட்டில் ‘இன்ட்ரஸ்டட் விட்னஸ்’ என்றால் இந்த நடுநிலையாளருக்கு எதிர்ப்பதம்: தீர்ப்பால் தனக்கு ஆதாயம் உள்ள சாட்சி. சொந்தக்காரர் என்பதாலேயே ஒருவர் அப்படி ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

பேப்பர்ல ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’னா சுயநலக் கும்பல்னு வருது. எங்க தாத்தா எழுதுன உயில்ல எனக்கு ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’ இருக்குன்னு வக்கீல் சொல்றாரு. திட்டுறாரா?

நல்ல செய்தி சொல்கிறார். சட்டத்தில் அது உறுதியாகச் சேர்ந்துவிட்ட பாத்தியதை. கைக்கு வருவது தள்ளிப்போகலாம், உரிமை இப்போதே உங்களுடையது. அதற்குமுன் நீங்கள் இறந்தாலும் உங்கள் வாரிசுக்குப் போகும். இதற்கு எதிர்ப்பதம் ‘கன்டின்ஜென்ட்’: ஒரு நிபந்தனை நிறைவேறினால்தான் உரிமையே பிறக்கும். ‘பாட்டி காலத்துக்குப் பிறகு பேரனுக்கு’ என்று எழுதினால் முதல் வகை, ஏனென்றால் பாட்டி காலம் முடிவது நிச்சயம். ‘பேரன் டாக்டருக்குப் படித்தால்’ என்று எழுதினால் இரண்டாவது. உயிலில் ‘பிறகு’ என்றிருக்கிறதா, ‘ஆல்’ விகுதி இருக்கிறதா என்பதில் வீடே அடங்கியிருக்கும். ஆனாலும் முழு வாசகத்தையும் வக்கீலிடம் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள்.

செய்தித்தாளில் வருவது இதிலிருந்து கிளைத்த வசைதான்: ஏற்கெனவே அனுபவித்து வரும் ஆதாயத்தை விட மனமில்லாதவர்கள். ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ வேறு. டெண்டர் குழுவில் இருப்பவரின் மைத்துனரே டெண்டர் போட்டால், பதவிக் கடமையும் குடும்ப ஆதாயமும் மோதுகின்றன. அவர் தப்பு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நிலையில் உட்கார்ந்திருப்பதே பிரச்சினை.

ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட்ல போட்ட கேஸோட ஆர்டர்ல ஒரே பக்கத்துல மூணு எடத்துல இந்த வார்த்தை. மூணும் ஒண்ணா?

பெரும்பாலும் மூன்றும் வேறு. 2004 ஜூலை 24 முதல் இயங்கும் மதுரைக் கிளையில் நிறைய வருகிற ‘பப்ளிக் இன்ட்ரஸ்ட் லிட்டிகேஷ’னை நாம் பொதுநல வழக்கு என்கிறோம், அங்கே சொல்லுக்குப் பொருள் நலன். ஊரே ஆவலாகப் பேசுகிற வழக்கு பொதுநல வழக்கு ஆகிவிடாது. கண்மாய் ஆக்கிரமிப்பு போல ஊருக்கே பாதிப்பு இருக்கவேண்டும். ‘இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்றாலும் நலன்தான், ‘நீதியின் பொருட்டு’ என்று படியுங்கள். ‘பெட்டிஷனர் ஹேஸ் நோ இன்ட்ரஸ்ட் இன் தி ப்ராப்பர்டி’ என்றால் மனுதாரருக்குச் சொத்தில் பாத்தியதை இல்லை என்று பொருள். அவருக்கு ஆர்வம் இல்லை என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் மேல்முறையீட்டுக் குறிப்பே திசைமாறும். போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலிகள் இந்த இடத்தில் அடிக்கடி சறுக்கும்.

‘டுகெதர் வித் இன்ட்ரஸ்ட் அட் 6% பெர் ஆனம்’ என்று கடைசியில் வந்தால் வட்டி. பணம் கேட்ட சிவில் வழக்குகளில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, தீர்ப்புக்குப் பிந்தைய காலத்துக்கு 6 சதவீதம் வரை கொடுக்கலாம். வியாபாரக் கொடுக்கல் வாங்கலாக இருந்தால் அதற்கு மேலும் போகலாம். அந்த வரியில் எந்தத் தேதியிலிருந்து வட்டி என்று பார்ப்பது முக்கியம். வழக்குப் போட்ட நாளா, தீர்ப்பு நாளா என்பதில், ஐந்தாண்டு இழுத்த வழக்கில் ஒரு லட்சத்துக்கு 30,000 ரூபாய் வித்தியாசம் வரும்.